அரணை மேல் போட்ட பழி

எண்பதுகளின் தொடக்கம். போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது வாய் ரொம்ப நீளம். எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் வைத்திருப்பேன். பேச வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் அந்த வாய் என்ன செய்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் பல்லியும் பாம்பும் ஃபார்மலின் பாட்டிலில் வெளுத்துப்போய்க் கிடக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள். பள்ளிக் கண்காட்சிக்கு உயிரோடு காட்டினால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. ஒரு ஜவுளிக்கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆறடிக் கண்ணாடி அலமாரியைக் கேட்டு வாங்கினேன். அடியில் ஜல்லி, கரித்துண்டு, மேலே மண், இலைச்சருகு என்று நிரப்பிச் செடிகளை நட்டு, மேல்பக்கம் கம்பிவலை அடித்தேன். காட்டை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்ட பெருமை எனக்கு.

ஆனால் உள்ளே எதை விடுவது? கண்டதையும் விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இதில் எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் தெருவிலிருந்து போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அக்கா. விடியற்காலையில் ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். அவர் படித்ததில்லை. ஆனால் மலையில் எந்த ஜந்து எங்கே இருக்கும், எதோடு எது ஒத்துப்போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

"பெரிய ஓணான் வேணாம் டீச்சர், சின்னதுகள முழுங்கிப்புடும். பச்ச ஓணான் விடுங்க, அது கொப்ப விட்டு எறங்காது. ஆனா ஆண் ஒண்ணுதேன். ரெண்டு விட்டீகன்னா தெனமும் சண்டதேன்" என்றார்.

அவர் சொன்னபடியே, அவரே மலையிலிருந்து பிடித்துக் கொடுத்தவற்றில் மேல் கிளைகளுக்கு ஒரு ஆணும் இரண்டு பெண்ணுமாகப் பச்சை ஓணான், நடுவில் அடுக்கிய கற்களுக்குப் பகலில் நடமாடும் சின்னப் பாறைப்பல்லி நாலு, கீழே சருகுக்குள் இரண்டு அரணை என்று விட்டோம். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை எதுவும் சீண்டவில்லை. இலைமேல் தெளித்தால்தான் நக்கிக் குடிக்கும் என்பதையும் அந்த அக்காதான் சொன்னார்.

அரணையைப் பார்த்ததும் பள்ளிக்கூடமே அலறியது. 'அரணை கடித்தால் மரணம்' என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த பேச்சாயிற்றே! அதற்கு விஷமே கிடையாது என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். தலைமையாசிரியை அம்மா மட்டும் கடைசிவரை முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார்.

அந்த அக்காவுக்கு அப்போது மூச்சு இளைப்பு. ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜீப்பை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்குள் இரண்டு இடத்தில் உட்காருவார். இனிமேல் தோட்டத்துக்குப் போனால் நெஞ்சு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பள்ளியில் ஆயா வேலை ஒன்று காலியாக இருந்தது. தலைமையாசிரியை அம்மாவிடம் நானே பேசி, கண்காட்சி அன்று அவரை நேரில் பார்க்கச் சம்மதமும் வாங்கிவிட்டேன். "இது மட்டும் கெடச்சிருச்சுன்னா நான் பொழச்சுக்குவேன் டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்டியில் செடிகள் பழுத்துப்போயின. ஏலச்செடித் தூரில் மண்டியிருக்கும் பாசியும் பெரணியும் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"இந்த வாரம் வேணாம் டீச்சர். மருந்து அடிச்சிருக்கு. அடுத்த வாரம் சோலைப் பக்கமிருந்து கொண்டாறேன்."

"அடுத்த வாரம் வச்சு என்னக்கா செய்ய? மருந்து இலையிலதான இருக்கும். நான் கழுவிக்கிறேன், கொண்டாங்க."

போடியில் பிறந்து, ஏலக்காய் வாசத்திலேயே வளர்ந்தவள் நான். ஆனால் ஏலக்காய் காய்க்கிற சரம் செடியின் அடியில், தரையை ஒட்டித்தான் படரும் என்பதும், அதனால் மருந்தைத் தூரில்தான் அடிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் ஏலக்காயை மூட்டையில்தானே பார்த்திருக்கிறோம்! அக்கா மனசில்லாமல்தான் கொண்டுவந்தார். "நல்லா அலசிருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். குழாயடியில் அலசினேன். பாசி பஞ்சு மாதிரி. குடித்த மருந்தை அது எங்கே விடப்போகிறது?

கண்காட்சிக்கு முதல்நாள் மாலை அதைப் பெட்டிக்குள் பரப்பினேன். பச்சைப்பசேல் என்று கண்ணைப் பறித்தது.

மறுநாள் காலையில் ஆய்வகத்தைத் திறந்தால் பாறைப்பல்லிகள் நாலும் மல்லாந்து கிடந்தன. பச்சை ஓணான்கள் கிளையிலிருந்து விழுந்து, கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, என் கண்ணெதிரே அடங்கின. ஓர் அரணை சருகுக்குள் எங்கேயோ, கண்ணில் படவில்லை; இன்னொன்று மட்டும் மூலையில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்ததுமே மருந்து நெடி. என்ன நடந்தது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஐயோ, என் கையாலேயே கொன்றுவிட்டேனே!

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தலைமையாசிரியை அம்மாவும் வந்தார். அவரைப் பார்க்கவென்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, அந்த அக்காவும் வாசலோரமாக வந்து நின்றிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? அரணை விஷத்துலதான் எல்லாம் செத்திருக்கு. அது மட்டும் உசுரோட இருக்குது பாருங்க. இதைப் பிடிச்சுக் கொண்டாந்தது யாரு?" என்றார் தலைமையாசிரியை அம்மா. யாரோ அந்த அக்காவைக் கை காட்டினார்கள். "விஷ ஜந்தைப் பிள்ளைகள் நடமாடுற இடத்துக்குக் கொண்டாந்தவளுக்கா வேலை கேட்டீங்க டீச்சர்?"

அக்கா என்னைப் பார்த்தார். அரணைக்கு விஷமில்லை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி நின்றேன். மருந்து என்று சொன்னால், தடுத்தும் கேட்காமல் வாங்கியவள் நான் என்பது தெரிந்துவிடும். கண்காட்சிக்கு வருபவர்கள் முன்னால் மானம் போய்விடும். குனிந்து செத்த பல்லிகளைக் காகிதத்தில் பொறுக்க ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது வாசலில் அவர் இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் எங்கே இருந்தன என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் தலைமையாசிரியை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "அந்த வேலைக்கு நேத்தே ஆள் போட்டாச்சே" என்றார். மறுநாள் விடியுமுன் ஜீப்பு நிற்கும் இடத்துக்கு ஓடினேன். அக்கா தூக்குவாளியோடு நின்றிருந்தார். மூச்சு வாங்கும் சத்தம் தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"அது மருந்தாலதான் அக்கா செத்துச்சு. தப்பு என்னோடது. அன்னைக்குச் சொல்லாமப் போயிட்டேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர். அந்த நாத்தம் எனக்குத் தெரியாதா? வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ ஏங்கா நீங்க வாயத் தொறக்கல?"

"நான் சொன்னா எவ நம்புவா? நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். டிரைவர் "வெரசா ஏறுங்க" என்று சத்தம் போட்டார். இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட, அக்கா ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் மலைக்குப் போனார். மூன்றாவது வருடம் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. துக்கத்துக்குப் போனேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்படிப் பழகினோம் என்றுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. அன்று நான் பேசியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடம், 'தப்பு என்னுடையது' என்று சொல்லியிருந்தால், இத்தனை வருடமாக அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்காது.