ஒரு போடு போட்டால் கிளம்பும் கப்பல்

சின்ன வயதில் பார்த்த விண்வெளிப் படத்தின் புதுப் பாகத்தை அண்ணனோடு தியேட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்தப் பழைய கப்பல் கிளம்பாமல் இருமியது. அந்த இருமல் என்னைத் தேவிகுளத்துத் தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

மழைக்கு டிவியில் படம் தெரியாமல் போனால், கொழுந்துக் கறை படிந்த கையால் அம்மா அதன் தலையில் ஒரு போடு போடுவாள். படம் வந்துவிடும். முதல் பாகத்தை அப்படித்தான் பார்த்தோம். அதில் நாயகியும் தன் ஓட்டைக் கப்பலை அடித்தே கிளப்பினாள்.

"நம்ம டிவி மாதிரில்ல இருக்கு!" அம்மா சிரித்தாள்.

அடுத்த பாகங்களில் கப்பலெல்லாம் எவர்சில்வர் பாத்திரமாக மினுங்கின. அதுதான் உசத்தி என்றான் அண்ணன். அடிபடாத கப்பல் எங்கேயும் போய் வந்திருக்காது என்பது என் கட்சி. முப்பது வருஷச் சண்டை.

இன்றைய பாகத்தில், மினுங்கிய கப்பலெல்லாம் நொறுங்கிக் கிடக்க, ஓட்டைக் கப்பல் ஒன்றே மிச்சம். அதுவும் கிளம்பவில்லை.

அண்ணன் சீட்டைவிட்டு எழுந்தே விட்டான்; திரையில் நின்ற நாயகியைப் பார்த்துக் கத்தினான்.

"தலையில ஒரு போடு போடு, தாயி!"