இருமல் பரீட்சை

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, அந்தப் பரீட்சையில் முதல் இருமலிலேயே தேறிவிட்டாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபதுகளில் நடந்தது. பிரசவத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே தொல்லை. தும்மினாலும் குடம் தூக்கினாலும் புடவை நனைந்துவிடும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரப்பர் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் தண்ணீரை நிரப்பி, ஒரு வெள்ளைத் துணிமேல் நிற்க வைத்து, "இருமுங்க" என்றார் டாக்டரம்மா. துணி நனைந்தால் வியாதி. நனையாவிட்டால் இல்லை.

அவள் வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி இருமினாள். துணி நனைந்தது. நானோ, மாமனார் கூடத்தில் இருக்கும்போது இருமுகிற மாதிரி, முந்தானையை வாயில் வைத்துச் சத்தம் வராமல் இருமினேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம், வேறு இருமல் எனக்குத் தெரியாது. துணி காய்ந்தே கிடந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா."

அவளுக்கு ஆபரேஷன் ஆயிற்று. அப்புறம் பார்க்க வேண்டுமே! வாய்விட்டுச் சிரித்தாள். புருஷனோடு சினிமாவுக்குப் போனாள். கோயில் வரிசையில் மணிக்கணக்காக நின்றாள். நான் மடித்த பழந்துணியோடு வீட்டில் கிடந்தேன்.

"டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. இவ வேலைக்குப் பயந்து வேஷம் போடுறா" என்றார் மாமியார். ஓரகத்தியின் நகைமேல்கூட எனக்கு அவ்வளவு ஆசை இருந்ததில்லை, அந்த ஆபரேஷன்மேல் இருந்தது.

அடுத்த வருஷம் மறுபடி போனேன். துணைக்கு வந்தவளும் அவள்தான். அதே குழாய், அதே மாதிரி வெள்ளைத் துணி. முந்தானை தானாக வாய்க்குப் போனது. துணி நனையவில்லை, டாக்டரம்மா எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். மறுபடி பொய்க்காரியாகத்தான் வீடு திரும்பப்போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"அக்கா, மாமனார் இங்க இல்லக்கா! நல்லாத்தான் இருமுங்களேன்!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கூடவே இருமலும், முந்தானையை மீறி. துணி தொப்பலாக நனைந்தது.

"போன தடவ காஞ்சிருந்துச்சேம்மா?" என்றார் டாக்டரம்மா.

"போன தடவ எங்க மாமனாருக்குப் பயந்து இருமினேங்க."

அந்த ஈரத்தைப் பார்த்து அழுதுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வெளியே வந்தால், அவள் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதற்கும் இவள்தான் வேண்டியிருந்ததா என்று மறுபடி வயிறு எரிந்தது.