மூடி போட்ட கிணறு

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸில், எழுத்தராக இருக்கிறேன். காலையில் பெண்கள் பேக்கிங் கூடத்துக்குள் போனதும் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திறக்கும். உள்ளே எங்கு பார்த்தாலும் தீக்குச்சி. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயம் நாள் முழுக்க எனக்குள் ஓடும். முதலாளியிடம் கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

அதனால் நாவல் எழுதினேன். அதில் கதவு கிடையாது. கரிசல் காட்டில் ஒரு ஊர். ஊருக்கு ஒரே கிணறு. அதற்குப் பூட்டுடன் இரும்பு மூடி. சாவி பெரிய வீட்டில். நேராகச் சொல்ல முடியாததை நாவலில் இப்படிச் சொல்லலாம், படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன்.

புத்தகம் வந்ததும் முதலாளியே ஆபீஸ் வளாகத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார். பெண்களையும் உட்கார வைத்தார்.

"அந்தக் கெணறு எதுன்னு நெனைக்கீங்க? டெல்லிதான்! நம்ம தொழிலை மூடி போட்டுப் பூட்டி வச்சிருக்குல்லா, அதைத்தான் இந்தம்மா எழுதியிருக்கு" என்றார் மைக்கில்.

கைதட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார். நான் கும்பிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் பேக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண் அருகே வந்தாள். புத்தகத்தை முழுசாகப் படித்திருந்தாள்.

"எக்கா, அது நம்ம கதவுதான?"

"ஆமா."

"பொறவு கதவுன்னே எழுதியிருக்கலாம்லா? அவிய டெல்லிங்காவ, நீங்க கும்பிடுதீங்க."

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனேன். "அண்ணாச்சி, அந்தக் கெணறு டெல்லி இல்ல. நம்ம பேக்கிங் கதவு" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "படிக்கும்போதே லேசாத் தோணிச்சு" என்றார். கோபப்படவில்லை. அன்று சாயங்காலமே பூட்டைக் கழற்றிவிட்டார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் போனால், என் மேசையை பேக்கிங் கதவுக்கு வெளியே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"பூட்டு வேண்டாம்னது நீங்கதானம்மா?" என்றார் முதலாளி. "இங்கன உக்காந்து யாரு யாரு வெளிய போறாளுவ, எப்பம் வாராளுவன்னு நோட்டுல எழுதிருங்க."

நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மாதமாக அங்கேதான் இருக்கிறேன். கதவு திறந்தே கிடக்கிறது. சாப்பாட்டு நேரம்வரை ஒருத்தியும் எழுந்து வருவதில்லை.