ஐந்தாவது ஆள்

புயல் அடிக்கிற நாளைவிட அதற்கு முந்தின நாள்தான் ஆளைக் கொன்றுவிடும். அடிக்க ஆரம்பித்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கலாம். அதற்கு முன்னால் ஒரு தெருவையே கிளப்பி வேறு இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் பாருங்கள், அதில் என் ஆயுசில் பாதி போயிற்று.

எங்கள் பஞ்சாயத்தில் தண்ணீர் மோட்டார் போடுகிற வேலை எனக்கு. கூடவே மைக் பிடிக்கிற வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. மாட்டுக்கு ஊசி போட வந்தாலும், ரேஷனில் பாமாயில் வந்தாலும், ஒலிபெருக்கி கட்டின ஆட்டோவில் என்னைத்தான் ஏற்றிவிடுவார்கள். பள்ளிக்கூடம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நாலு வாசலில் நின்று நாலு பேர் பேசுவதைக் கேட்டுத்தான் எழுதுகிற அளவுக்கு வந்தேன். அந்த ஐப்பசியில், கடலில் உருவான புயல் எங்கள் பக்கமாகவே கரை ஏறும் என்றார்கள். ஏரி ஏற்கெனவே நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தால் தண்ணீர் முதலில் நுழைவது கீழத் தெருவில். ஆகவே அந்தத் தெருவை இருட்டுவதற்குள் காலி செய்து, மேட்டில் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.

மைக்கில் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒவ்வொரு வாசலாக இறங்கிக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு அம்மா மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா, ஸ்கூல்ல சட்னி அரைக்கப் போறியா?"

"எங்கம்மா வூட்டு சீரு நைனா இது. எங்க வூட்டுக்காரன விட்டாலும் விடுவேன், இத விடமாட்டேன்."

பின்னால் வந்த வீட்டுக்காரர், "பாத்துக்க, அது இடுப்புல போவுது, நான் நடந்து வர்றேன்" என்றார்.

இன்னொருவர் வாசலிலேயே குந்திக்கொண்டு அசையவில்லை. "போன வாட்டியும் இப்டித்தான் இட்டுக்கினு போன. புயலு ஆந்திராவுக்குப் பூட்ச்சி. எங்களுக்கு உப்புமாதான் மிச்சம்."

"இந்த வாட்டி சாம்பார் சாதம்ணே."

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்று துண்டை உதறி எழுந்தார்.

சிரித்துக்கொண்டே இருந்தாலும் மத்தியானத்துக்குள் என் தொண்டை கட்டிப்போயிற்று. மழை விடாமல் பிசுபிசுத்தது. சட்டை காய்வதும் நனைவதுமாக உடம்பு ஒரே கசகசப்பு. எங்காவது ஒரு மூலையில் காலை நீட்டினால் போதும் என்றிருந்தபோது, ஒரு வீடு பாக்கி என்றார்கள்.

கலங்கல் ஓடையை ஒட்டின கடைசி வீடு. அந்த வீட்டு அக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதனால் அவள் புருஷன் எனக்கு மாமா. ஊரில் பாதி நிலத்தை உழுத டிராக்டர் அவர் ஓட்டினதுதான். வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்ததிலிருந்து நாடாக் கட்டிலே கதி. வாய் மட்டும் கியரில்தான் இருந்தது.

நான் போனபோது அக்கா பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நீயே கேளு தம்பி. காலைலேந்து சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சே இல்ல" என்றாள்.

சேறு, வண்டி வராது. என்னோடு வந்த மூன்று பேரும் நானும் ஆளுக்கொரு காலாகக் கட்டிலைத் தூக்கினோம். ஒரு சாண்கூட எழும்பியிருக்காது.

"எறக்குங்கடா!" என்று கத்தினார் மாமா. "உசுரோட கீற ஆளு நானு. நாலு பேரா வந்து தூக்கறீங்களே, சங்கு எங்க? மோளம் எங்க?"

இறக்கிவிட்டோம். வீட்டு வாசலை நாலு பேர் தோளில் தாண்டுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? அதுவரை ஒருவருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"சேர்ல குந்த வெச்சி தூக்கறோம் மாமா."

"எங்கப்பன அப்டித்தான் கொண்டும்போனாங்க. மாலைதான் பாக்கி."

முதுகில் ஏற்றிப் பார்த்தேன். விழுந்த பக்கம் பிடி கொடுக்காமல் இரண்டு பேரும் சரிந்தோம். எங்களில் ஒருவன், "ஜேசிபி பக்கெட்ல வெச்சி இட்டாரலாமா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"அத்தயே சொல்லு. குழியும் அதுவே வெட்டிடும், ரெண்டு வேல ஒண்ணா முடியும்."

நான் ஓடையை எட்டிப் பார்த்தேன். காலையில் துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே இருந்த தண்ணீர் இப்போது கல்லை மூடியிருந்தது. "அக்கா, நீயாவது வா. இவர அப்பால பாத்துக்கலாம்" என்றேன்.

"அவர வுட்டுட்டு நான் எங்க போறது?" என்று கட்டியிருந்த பையை அவிழ்த்து, துணிகளை மறுபடி கொடியில் போட ஆரம்பித்தாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லாதது போல இருந்தது. ஒரு புடவை, ஒரு லுங்கி, ஒரு துண்டு. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ போடி" என்றார். அவள் திரும்பவில்லை. "உன்னத்தான், போ!" என்று மறுபடி கத்தினார்.

கடைசித் துணியை அவள் கொடியில் போடவில்லை. அதைத் தோளில் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். நேராக வந்து, தலைமாட்டில் நான் முன்பு பிடித்த கட்டில் காலின் மேல் தன் கையையும் வைத்தாள்.

"பொம்பள தூக்கி எங்கியாவது பாடை போயிகீதா? சொல்லு."

மாமா நல்ல கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரும் இல்ல, இப்ப அஞ்சி பேரு. தூக்குங்கப்பா."

தூக்கினோம். ஒரு கையை விட்டு, மழைக்காக மேலே தார்ப்பாய் போர்த்தப் போனவனை, "மூஞ்ச மூடாதடா" என்று அதட்டிவிட்டு, வீட்டுக் குடையைக் கேட்டு வாங்கி நல்ல கையில் தானே பிடித்துக்கொண்டார். அப்புறம் பள்ளிக்கூடம் வரைக்கும் எங்களை டிராக்டராக ஓட்டினார். "ரைட்ல ஒடி. பள்ளம் கீது. மெதுவா, மெதுவா, கிளட்ச்ச விடு!" சேற்றில் கால் புதைந்து அக்கா இரண்டு தடவை முட்டி போட்டாள். அப்போதெல்லாம் அவர் குடையை அவள் பக்கமாகச் சாய்த்தார். மழை அவர் மேல் விழுந்தது.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மிக்ஸி அம்மா வாயில் கை வைத்துக்கொண்டது.

"இன்னா எல்லாம் எழுந்துக்கினீங்க? டீ கீதா இல்லியா?" என்றார் மாமா. அப்புறம்தான் சிரிப்பு வந்தது எல்லாருக்கும்.

வகுப்பறை மூலையில் கட்டிலை வைத்தோம். அக்கா அதன் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தாள். சாப்பாடு வந்தபோது எழுப்பிப் பார்த்தோம், அசையவில்லை. ராத்திரி காற்று ஓட்டை ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு போனது, பிள்ளைகள் அலறினார்கள். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

விடிந்ததும் ஏரிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கலங்கல் உடைந்த மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். கொடியில் போட்ட துணி அப்படியே மிதந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாமா காதருகே குனிந்து சொன்னேன்.

அக்காவை எழுப்ப அவள் தோளைத் தொடக் குனிந்தேன். மாமா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"வாணாம் மாப்ள. தண்ணி எங்க போவப் போவுது? அங்கதான் இருக்கும். அவ எழுந்துக்கினாப் பாத்துக்கலாம்."

சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கு வெளிய போவணும். எப்பவும் அவதான் தூக்குவா. நீ இன்னொரு ஆள கூப்டு, சத்தம் போடாம தூக்கினு போங்க" என்றார்.

என் இடுப்பில் சுத்தமாகப் பலம் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவனை எழுப்பினேன். ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்துத் தூக்கினோம். அவளைத் தாண்டும்போது மாமா தன் நல்ல காலை, அவள் மேல் பட்டுவிடாமல், தானே மடக்கிக்கொண்டார்.