தழை காட்டிய வழி

கொல்லிமலையில் முன்னால் போகிறவன், வழி பிரியும் இடத்தில் ஒரு பச்சைத் தழையை ஒடித்துப் போட்டு, மேலே கல் வைத்துவிட்டுப் போவான். தழையின் நுனி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவன் போயிருக்கிறான். பின்னால் வருகிறவனுக்கு அது போதும். மலையில் யாரும் இதில் பொய் சொல்வதில்லை. நான் சொன்னேன்.

அப்போது நான் வாழவந்தி நாட்டில் ஓராசிரியர் பள்ளி வாத்தியார். சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்போம். தேவனூர் நாட்டில் இன்னொரு பள்ளி, அங்கே இன்னொரு வாத்தியார். என் நகைச்சுவைக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான். மலையில் வேறு வாத்தியார் பக்கத்தில் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு சனிக்கிழமை அவன் பின்னால் வருவது தெரிந்து, தழையைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி வைத்தேன். பாறை மறைவில் உட்கார்ந்து சிரிக்கக் காத்திருந்தேன். மழை வந்தது, அவன் வரவில்லை. இருட்டும் நேரத்தில் மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் அவனைத் தாங்கிப்பிடித்துக் கூட்டி வந்தார். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

“சிரிச்சுப்போட்டியா?” என்று மட்டும் கேட்டான். பிறகு ஒரு மாதம் பேச்சில்லை.

கோடை விடுமுறைக்கு முன் அவனுக்கு ஓசூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. மலையில் யாரைப் பார்த்து நான் இனி வாயைத் திறப்பது? ஓடிப்போய்ச் சமாதானம் பேசினேன். இருவரும் கடலைப் பார்த்ததில்லை. கரையோரமாகப் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போவோம், கண்ட கடையில் சாப்பிடுவோம் என்றேன்.

“உன்ற பேச்ச நம்பியா?”

“இந்த ஒரு தடவை நம்பப்பா. தரங்கம்பாடியில பஸ் நிக்கிற இடத்துல திங்கக்கிழமை இருப்பேன். வடக்கா தெற்காங்கறத அங்க போய்ப் பாத்துக்கலாம்.”

“வந்தா வாரேன்,” என்றான்.

சேந்தமங்கலத்தில் பஸ் ஏறும்போது என் தோளில் ஒரு பலாப்பழம். அவனுக்குப் பிடித்த மரத்தின் பழம். திருச்சி, தஞ்சாவூர், மாயவரம் என்று மாறி மாறிப் பயணம். எல்லாப் பஸ்ஸிலும் பழத்தை மட்டும் எல்லோரும் அன்போடு பார்த்தார்கள்.

தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஒன்றைப் பார்த்ததும் பக்கத்து ஆளை முழங்கையால் இடிக்கத் தோன்றியது. பக்கத்தில் பலாப்பழம்தான் இருந்தது.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் அம்மா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். திங்கள் முழுவதும் அங்கே காத்திருந்தேன். நெத்திலிக் குழம்பு சாப்பிட்டேன். மறுபடியும் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டேன். செவ்வாய் மதியம் வரை அவன் வரவில்லை. வரமாட்டான் என்று முடிவு செய்தேன். நான் போன பிறகு வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தேன். பழத்தை அறுத்துப் பாதியை அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

“ஏனுங்கம்மா, லேசா நொண்டி நொண்டி ஒருத்தர் வந்தா இதைக் குடுங்க. நான் தெற்கே போயிருக்கேன்னு சொல்லுங்க.”

அது போதாதென்று, கடையோரம் ஒரு சவுக்குத் தழையை நுனி தெற்கே பார்க்க வைத்து, மேலே கல்லும் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு யோக்கியமாக ஒரு தழை வைத்ததில்லை.

தெற்கே போனேன். காரைக்கால் தாண்டி மணலில் நடந்தேன். மலையேறிப் பழகிய கால் என்ற பெருமை இரண்டு மைலில் கரைந்தது. ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுத்தது மணல். நாகூரில் வாடா என்கிற, இறால் பதித்த வடையைச் சுடச்சுடத் தின்றேன். இரண்டு வாங்கி ஒன்றைத் தாளில் மடித்து வைத்திருந்து, சாயங்காலம் அதையும் நானே தின்றேன். பாதை பிரிந்த இடமெல்லாம் வேப்பந்தழை வைத்தேன். இருபது அடி போய்த் திரும்பிப் பார்த்தால் ஆடு தின்றுகொண்டிருக்கும். கொல்லிமலை வழக்கம் கடற்கரை ஆட்டுக்குத் தெரியுமா? அலையைப் பார்த்து நல்ல நல்ல நகைச்சுவையாகச் சொன்னேன். அலை தன் பாட்டுக்கு வந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடிக்குத் திரும்பினேன். கடைக்கார அம்மா என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“தம்பி, நீ போன சாயங்காலமே அந்த ஆளு வந்துட்டாரு. வழியில எங்கேயோ பஸ்ஸு கெட்டுப் போச்சாம்.”

“நான் தெற்கேன்னு சொன்னீங்களா?”

“சொன்னேனே. தழையையும் காட்டினேன். உக்காந்து சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. ‘அவன் தெற்கேன்னு சொல்லி, தழையும் தெற்கே வச்சிருக்கானா? அப்ப வடக்கதான் போயிருப்பான்’னாரு. பலாச்சுளைய முச்சூடும் தின்னாரு. அடுத்த நாள் காலைல வடக்கே பஸ்ஸு ஏறிட்டாரு.”

“திரும்பி வந்தாருங்களா?”

“வரலியே. புது ஊருக்குப் போக நாலு நாள்தான் இருக்குது, சாமான் கட்டணும்னு போறப்பவே சொன்னாரு.”

வெளியே வந்து பார்த்தேன். என் தழை காய்ந்து பழுப்பேறி, கல்லின் கீழ் அப்படியே தெற்கே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு கல், இன்னொரு தழை. நுனி வடக்கே. அவனுக்குப் பொய்த் தழை வைக்கத் தெரியாது.

இந்நேரம் அவன் மலைக்குப் போய்ச் சாமான் கட்டிக்கொண்டிருப்பான், அல்லது கட்டியே முடித்திருப்பான். அது எனக்குத் தெரியும். இருந்தும் என் தழையை எடுத்து எறிந்துவிட்டு, வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இடத்தில் துணிப்பையை வைத்தேன்.

“இங்க ஆள் வருதா?” என்றார் கண்டக்டர்.

“முன்னாடி போயிட்டாருங்க,” என்றேன்.