ஒன்பதாம் நம்பர் ஷூ

குழித்துறையில் செருப்புக் கடை வைத்திருப்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஷூ மாட்டியவரின் பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் அவர் எதையும் விற்பதில்லை.

"மணி பதினொண்ணாச்சு, இன்னும் போணி ஆவல்ல. நல்லாப் பாத்து எடுங்க சாரே" என்றபடி எட்டாம் நம்பர் கறுப்பு ஷூவை எனக்கு மாட்டினார். இடது காலை மட்டும் இரண்டு முறை அழுத்தினார். எழுந்து உள்ளே போனார்.

அதற்குள் நான் பெட்டியின் மேலிருந்த சீட்டைப் படமெடுத்து, கைப்பேசியில் தேடினேன். விலை குறைவு. மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும். நிமிர்ந்தபோது அவர் இன்னொரு பெட்டியுடன் என் எதிரில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா பார்த்தேன்" என்றேன்.

அவர் குனிந்து, என் காலிலிருந்த ஷூவின் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார். நிமிராமலே பேசினார்.

"எட்டு போட்டுராதீங்க சாரே, இடது காலு முட்டும். ஒம்பது போடுங்க. பொறவு திருப்பி அனுப்ப அலையாண்டாம்லா."

நான் எதுவும் வாங்காமல் படியிறங்கினேன்.

மறுநாள் ஒன்பதாம் நம்பர் பார்சலில் வந்தது. இரண்டு காலுக்கும் மிகச் சரியாக இருந்தது. அவர் என்னைக் குத்திக்காட்டினாரா, அல்லது முட்டுகிற ஷூவை யார் போட்டு நடந்தாலும் அவருக்குப் பொறுக்காதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.