நான் கொடுத்த கணக்குப் பாட சி.டி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தால், வகுப்பு நேரம் முழுவதும் கணக்குப் போடலாமே என்று ஒரு யோசனை தோன்றியது. வடிவியல் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தி, வீடியோ எடுத்து, சி.டி.யாகக் கொடுத்தேன்.

"பிளேயர் இல்லாதவங்க பக்கத்து வீட்டுல பாத்துட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் எல்லோரும் பாடம் பார்த்துவிட்டு வந்து கணக்குப் போட, வகுப்பே கலகலப்பானது. பாண்டீஸ்வரி மட்டும் ஒரு கணக்கும் போடவில்லை.

"பாடம் பாத்தியா?"

"கேட்டேன் டீச்சர்."

"கேட்டிருந்தா ஒரு கணக்காவது வந்திருக்கும். பொய் சொல்லாத" என்று வெளியே நிற்க வைத்தேன். மூன்று நாள் அப்படி நின்றாள். நான்காம் நாளிலிருந்து வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா இருந்தார்.

"அவ சித்தியோட திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா டீச்சர். பள்ளிக்கூடமே வேணாம்னு அம்புட்டு அழுதா. பிளேயர் இருக்கிற வீட்டுல எங்கள உள்ள விடமாட்டாக. சன்னலுக்கு வெளிய நின்னுதான் கேட்டா. டீச்சர் சத்தம் மட்டும் கேக்குது, படம் தெரியலம்மான்னு சொல்லுவா. அத உங்ககிட்ட சொல்ல வெக்கம்."

முகவரி வாங்கி இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

இப்போது எந்தப் பாடத்தையும் முதலில் பள்ளியிலேயே போட்டுக் காட்டுகிறேன். கணக்கு வராத பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, "வீட்டுல எப்படிப் படிச்ச?" என்று கேட்கிறேன். பாண்டீஸ்வரியிடம் அதைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.